குலம் அண்ணை எறிந்த எள்ளுச்சோறு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்துகள் ஒரு வரியில் நிற்பதில்லை. சில மேலே ஏறுகின்றன, சில சரிந்து விழுகின்றன. ‘ண’ எழுதும்போது எத்தனை சுழி என்று இன்னமும் யோசித்துத்தான் எழுதுகிறேன். எழுபது வயதுக்குப் பிறகு எழுதப் பழகியவன் என்பதால் ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. இந்தத் தாள்களை அப்படியே எங்கள் முதியோர் மன்றத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதாகச் சொன்னார்கள். குலம் அண்ணையைத் தெரிந்தவர்கள் நின்று வாசிப்பீர்கள். கால் வலித்தால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது நான் மல்வேர்ன் நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் எதையும் விடுவதில்லை. வீடு விற்பனை விளம்பரம், புடவைக் கடை விளம்பரம், மரண அறிவித்தல், எல்லாம் வாசிப்பேன். அப்போது போன் அடித்தது. யோகம் அக்கா, குலம் அண்ணையின் மனைவி.

“மார்க்கண்டு, எங்கை நிக்கிறீர்?”

“லைப்ரரியில நிக்கிறன் அக்கா.”

“அண்ணை போட்டார். நீர் வாரும்.”

“என்னை விட்டிட்டு எங்கை போட்டார்?” என்று நான் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். அன்று நாங்கள் இருவரும் மரக்கறி வாங்கப் போவதாக இருந்தது. போனுக்குள் யாரோ அழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பத்திரிகையை மடித்து வைத்தேனா, அப்படியே விட்டுவிட்டு வந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கதிரையிலேயே போயிருக்கிறார். நான் போனபோது கோப்பையில் பாதித் தேநீர் இருந்தது. அதை ஊற்றவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

குலம் அண்ணை ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவர். ரொறன்ரோவில் ஒரு கட்டடத்துக்குக் காவலாக இருந்து ஓய்வு பெற்றார். ஆனால் ஸ்காபரோவில் அவரை எல்லோருக்கும் தெரிந்தது செத்தவீடுகளில்தான். யார் வீட்டுச் சாவென்றாலும் முதலில் வந்து நிற்பார். எந்தச் சடங்குக்குப் பின் எந்தச் சடங்கு, யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எத்தனை நாள் துடக்கு என்னும் தீட்டு, எப்போது தோய்ந்து முழுக வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கிரியை செய்யும் ஐயர்கூட இடையிடையே அவர் முகத்தைப் பார்ப்பார். எங்களுக்கு ஒரு புத்தி சொல்லித் தந்திருந்தார். “செத்தவீட்டில அழுகிறவையைக் கேள்வி கேக்காதேங்கோ. ‘சாப்பிட்டனியளோ’ எண்டு மட்டும் கேளுங்கோ.”

என்னைச் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். நான் ஊரில் பனை ஏறியவன். அங்கே அவருடைய வீட்டுப் படலைக் கதவுக்கு வெளியேதான் நான் நின்றிருப்பேன். இங்கே ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரே எலிவேற்றரில் ஏறி இறங்கினோம். பேத்தியைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போன நான், ஒருநாள் அந்தச் சின்னப்பிள்ளைகளோடு கடைசி வாங்குப் பலகையில் இருந்து அ, ஆ எழுதத் தொடங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். குலம் அண்ணையும் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு சனியும் எலிவேற்றருக்குள் கேட்பார்: “என்ன மார்க்கண்டு, ரிப்போர்ட் கார்ட் தந்திட்டினமோ? அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவையோ?”

இப்படி ஊரார் சாவுக்கெல்லாம் முன்னால் நின்றவருக்குத் தன் வீட்டில் ஒரு காரியம் செய்யாமல் கிடந்தது. அவருக்கு ஒரே மகன், ரமணன். ஊரில் நடந்த கடைசிச் சண்டையின் முடிவில் சனத்தோடு சனமாக வெளியே வந்தவனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த பஸ் புறப்பட்டதை அண்ணையும் அக்காவும் கண்ணால் கண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. யோகம் அக்கா ஒவ்வொரு புரட்டாசியிலும் மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்பார். அண்ணை மறுப்பார். அந்தச் சண்டையை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்.

“பிள்ளை பசியோட அலையுதோ தெரியேல்லை. இந்த வருசமாவது செய்வமப்பா.”

“உயிரோட இருக்கிறவனுக்கு எள்ளுத்தண்ணியோ? ஐயர் திதி கேப்பார். எந்த நாளைச் சொல்லுறது? பஸ் வெளிக்கிட்ட நாளைச் சொல்லுறதோ?”

“மகாளயத்துக்குத் திதி தேவையில்லை. போனாக்கள் எல்லாருக்கும் சேர்த்துக் குடுக்கலாம்.”

“போனாக்களுக்குக் குடும். அவன்ர பேரைச் சொல்லாதையும்.”

அக்கா குசினிக்குள் போய்விடுவார். அண்ணை தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

போன புரட்டாசியில் எங்கள் மன்றம் கம்போடியாவுக்குச் சுற்றுலா ஒழுங்குசெய்தது. அது அங்கே மழைக்காலம், அதனால் ரிக்கற் மலிவு. போன எல்லோரும் எங்கள் வயதுக்காரர்கள். அங்கே இறங்கி வெளியே வந்ததும் பஸ்ஸுக்குள் பெரிய கூச்சல். “பனை! பனை!” வயல் வெளியெல்லாம் பனை. விமான நிலையத்தில் நடக்க முடியாமல் சக்கர வண்டிலில் வந்தவர்கள்கூட எழுந்து நின்று யன்னலில் தொங்கினார்கள். எங்களைக் கூட்டிச் சென்ற பெண்ணின் பெயர் சொக்கா. ‘சொக்கன் எண்டா எங்கட சிவன்’ என்று ஒருவர் சொல்ல, அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் சொந்தக்காரி. அண்ணைக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்பதால் அவள் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். அந்த ஊரில் மூங்கிலைப் பனையோடு கட்டி அதை ஏணியாக்கி ஏறுகிறார்கள் என்று அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“மார்க்கண்டு, அப்ப நீர் ஒருக்கா ஏறிக் காட்டுமன். சொக்கா படம் எடுப்பாள்.”

“ஏறுவன் அண்ணை. இறங்கத்தான் ஆம்புலன்ஸ் வேணும்.”

இரண்டாம் நாள் காலையில் பஸ் ஊரின் ஓரத்தில் ஒரு சிறிய பௌத்த விகாரையில் நின்றது. அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு தூபி. நான் முதலில் உள்ளே தேங்காய் அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். மண்டையோடுகள். அவற்றின் கீழே கை எலும்பும் கால் எலும்பும் விறகு அடுக்கியதைப் போல. பக்கத்தில் ஒரு பிக்கு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கோழி தன் குஞ்சுகளோடு தூபியைச் சுற்றி வந்தது. எனக்கு அதுதான் இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

சொக்கா சொன்னாள், அண்ணை தமிழில் சொன்னார். ஒரு காலத்தில் அந்த நாட்டை ஆண்டவர்கள் தங்கள் சனத்தையே நகரங்களிலிருந்து வயலுக்குத் துரத்தினார்கள். படித்தவர்களையும், கண்ணாடி போட்டவர்களையும், சந்தேகப்பட்டவர்களையும் கொன்றார்கள். சொக்காவின் தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். கூட்டத்துக்கு வா என்று கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. “இதுக்குள்ள என்ர அப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதால எல்லாரையும் கும்பிடுறன்” என்றாள். அண்ணை அவளிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அதை மட்டும் அவர் எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்து அங்கோர் வாட் என்ற பெரிய கோயிலுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஏறியதும் குழப்பம் தொடங்கியது.

“செத்தவீட்டுக்குப் போட்டு, தோயாமல் கோயிலுக்குப் போறதோ?”

“உது செத்தவீடில்லை. எலும்புதானே.”

“எலும்பு பின்னை செத்த ஆக்களின்ரதுதானே! எனக்கெண்டாத் துடக்கு. நான் தோயாமல் வரமாட்டன்.”

நான் உட்பட எல்லோரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டோம். சொக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் ஹோட்டலுக்குத் திரும்பியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் திறந்ததில் மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. உடனே சிலர் முற்றத்தில் இருந்த நீச்சல் குளத்தில் வேட்டியோடும் சேலையோடும் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகி எழும்பினார்கள். நானும் முழுகினேன். ஹோட்டல் பெடியள் நாங்கள் தண்ணீருக்குள் தாழ்கிறோம் என்று நினைத்துக் கயிறும் மிதவையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

துடக்குச் சட்டம் முழுவதும் தெரிந்த குலம் அண்ணை பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. தலை துவட்டிக்கொண்டு திரும்பி ஏறிய நாங்கள் அவரைப் பார்த்துத் திகைத்துப்போனோம். உலர்ந்த சேட்டோடு யன்னல் பக்கம் இருந்தார். யோகம் அக்கா மட்டும் கேட்டார்: “என்னப்பா, தோயேல்லையோ?” “இல்லை” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கோயிலை நான் எப்படி எழுதுவது? ஒரு ஊர் அளவு கல். நீண்ட சுவர் முழுதும் பாற்கடல் கடையும் காட்சி. ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர், நடுவில் பாம்பு. யாரும் சொல்லாமல் எனக்கே விளங்கியது. கல்லில் எழுத்தும் வெட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் எனக்கு உலகத்தில் உள்ள எல்லா எழுத்தும் ஒன்றுதான், ஒன்றுமே தெரியாது. இப்போது இது எனக்குத் தெரியாத எழுத்து என்று சொல்ல முடிந்தது. அதுவே சந்தோசம். அதைச் சொல்ல அண்ணையைத் தேடினேன். அவர் உள்ளே வரவில்லை. வெளி மண்டபத்து ஒரு தூணடியில் இருந்தார். தூணில் வட்ட வட்டமாகக் குழிகள். அவற்றில் ஒன்றுக்குள் விரலை வைத்திருந்தார்.

“துவக்குச் சன்னம் பட்ட காயம்” என்றார். “எங்கட கோயில் தூணிலயும் உது கிடக்கு.”

“உள்ளுக்கு வாங்கோ அண்ணை, பாற்கடல் பாக்க.”

“நான் தோயேல்லை மார்க்கண்டு.”

“அதுதான் ஏன் எண்டு கேக்கிறன்.”

அவர் விரலை எடுக்கவில்லை. “தோய்ஞ்சா அந்தக் காரியம் முடிஞ்சுது எண்டு அர்த்தம். அதுக்குத்தானே தோயிறது. அங்கை அடுக்கி வைச்சிருக்கிற ஒருத்தருக்கும் முடியேல்லை. நான் எப்பிடித் தோயிறது?”

எனக்குத் தலை ஈரமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, சொக்காவிடம் என்ன கேட்டீர்கள் என்றேன்.

“தகப்பனுக்குக் கிரியை செய்தனீங்களோ எண்டு கேட்டன்.”

“என்னவாம்?”

“வருசா வருசம் செய்யிறமாம். செய்தா அவர் திரும்பி வரேக்க கதவு திறக்கமாட்டம் எண்டோ அர்த்தம் எண்டு என்னைக் கேக்கிறாள்.” குழியிலிருந்து விரலை எடுத்தார். பிறகு சொன்னார்: “இதைக் கட்டினவனும் மனுசன். அந்த மண்டையளை உடைச்சவனும் மனுசன். இரண்டும் ஒரே ஊர்ச் சனம். நான் ஆரைப் போய்க் கேக்கிறது?”

நாங்கள் போன நாட்கள் அந்த நாட்டுச் சனம் இறந்தவர்களுக்குச் சோறு கொடுக்கும் இருள்பட்சம், தேய்பிறைக் காலம். எங்கள் மகாளயமும் அதே நாட்களில்தான். இது திட்டமிட்டு நடந்ததல்ல, அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அந்த நாட்களில் இறந்தவர்கள் வெளியே வந்து, தங்கள் சொந்தக்காரர் கொண்டுவரும் சோற்றை ஏழு விகாரைகளில் தேடுவார்களாம். ஒன்றிலும் கிடைக்காவிட்டால் அழுதுகொண்டு திரும்புவார்களாம். சொக்கா இதைச் சொன்னபோது யோகம் அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் விடியுமுன் விரும்பியவர்களை அதே விகாரைக்கு அவள் கூட்டிப்போனாள். ஊர்ச் சனம் மெழுகுதிரியோடு விகாரையைச் சுற்றி நடந்தபடி சின்னச் சின்னச் சோற்றுருண்டைகளை இருட்டுக்குள் எறிந்தார்கள். அங்கே வந்திருந்த சொக்காவின் தாய் எங்களுக்கும் ஒரு தட்டு நீட்டினார். அக்கா ஓர் உருண்டையை எடுத்தார். மணந்து பார்த்தார்.

“இஞ்சருங்கோ,” என்றார் அண்ணையிடம், “இதுக்குள்ள எள்ளு.”

கடல் கடந்து, பாஷை தெரியாத ஊரில், அதே நாட்களில், அதே எள்ளு. அக்கா காத்திருக்கவில்லை. “ரமணா, சாப்பிடு ராசா” என்று சொல்லி எறிந்தார். பல வருடமாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. எறிந்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் அண்ணையைத்தான் பார்த்தேன். ஏசப் போகிறார் என்று பயந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். தட்டிலிருந்து ஓர் உருண்டை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: “இது என்ர மகனுக்கில்லை. மற்ற எல்லாருக்கும்.” எறிந்தார். திரும்பவும் எடுத்தார். “இது என்ர மகனுக்கில்லை.” எறிந்தார். தட்டு முடியும்வரை அப்படியே செய்தார். பிறகு கீழே இருந்த அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, “சாப்பிட்டனீரோ? வாரும், தேத்தண்ணி குடிப்பம்” என்றார். அவர் செத்தவீடுகளில் பேசும் அதே குரல். நான் என் வாழ்நாளில் பார்த்த சடங்குகளில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஒரே தட்டுச் சோற்றில் ஒருவர் மகனை அனுப்பினார், ஒருவர் மகனை வைத்துக்கொண்டார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு அவர்கள் வீட்டில் அந்தச் சண்டை கேட்கவில்லை. யார் வென்றார்கள் என்று எனக்குத் தெரியாது. தை மாதக் குளிரில் அண்ணை போய்விட்டார்.

அண்ணையின் செத்தவீட்டில், மலர்ச்சாலையில் நடந்ததை உங்களில் பலர் கண்டீர்கள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது, அதனால் எழுதுகிறேன். ஐயர் வழமைபோலக் கேட்டார்: “கொள்ளி வைக்கிறது ஆர்? மகன்மார் இருக்கினமோ?” அஜக்ஸில் இருந்து வந்திருந்த அக்காவின் தம்பி முன்னுக்கு வந்தார்.

“மகன் இல்லை ஐயா. என்ர மூத்தவன் செய்வான்.”

“மகன் இருக்கிறான்” என்றார் யோகம் அக்கா.

நான் என் காதை நம்பவில்லை. ரமணா, சாப்பிடு ராசா என்று எறிந்தவர் அவர்தானே.

“இருக்கிறான். வர ஏலாமல் கிடக்கு.”

ஐயர் பாவம், அவரும் தடுமாறினார். “அப்ப அவருக்குப் பதிலா ஆர் நிக்கிறது?”

“மார்க்கண்டு.”

“அக்கா, உவரோ?” என்றார் தம்பி மெதுவாக. “ஆக்கள் என்ன கதைப்பினம்?”

“கதைப்பினம். பிறகு சாப்பிட்டிட்டுப் போவினம்.”

எனக்குச் சேட்டைக் கழற்றவே கை வரவில்லை. தர்ப்பை போட்டார்கள். ஐயர் மகனின் பெயரைக் கேட்டார். ரமணன் என்றேன். ரமணனுக்காக நான் உரலில் சுண்ணம் இடித்தேன், ரமணனுக்காக வாய்க்கரிசி போட்டேன், தகனச்சாலையில் ரமணனுக்காகப் பொத்தானை அழுத்தினேன். இரும்புக் கதவு மூடிய சத்தத்தில்தான் அண்ணை இல்லை என்பது என் நெஞ்சில் இறங்கியது.

திரும்பி வரும்போது காரின் பின்இருக்கையில் அக்காவும் நானும். செத்தவீட்டில் கேள்வி கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்: “அக்கா, அண்டைக்கு அங்கை நீங்கள்தானே அவனுக்கு எறிஞ்சனியள்?”

“ஓம், எறிஞ்சனான்.” வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அப்ப, அவன் இருக்கிறான் எண்டு சொல்ல வீட்டில ஒராள் இருந்தவர். நான் பயமில்லாமல் அழலாம். இப்ப ஆர் சொல்லுறது?”

குலம் அண்ணையிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், அவருடைய மகனின் கடமை. அது என்னுடையதல்ல. ரமணன் வந்து கேட்கும்வரை வைத்திருக்க என்னிடம் தந்திருக்கிறார்கள். மாதா மாதம் மாசியம் வரும், ஆண்டுத் திவசம் வரும், எல்லாவற்றிலும் அவனுடைய இடத்தில் நிற்பேன். அவன் வரும் நாளில் விலகிக்கொள்வேன். வந்தால் அவன் கேட்பான், அப்பாவுக்கு என்னென்ன செய்தீர்கள் என்று. வாயால் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும், பாதி விட்டுப்போகும். அதனால் இன்றுவரை நடந்ததை எழுதினேன். அடுத்த கிழமை அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம். அது முடிந்ததும் மறுபடி இருந்து எழுதுவேன், ஒன்றும் விடாமல், அவன் வாசிக்க.